எஸ்ஹெச் 45: இடைவெளி விட்டா, ஒட்டியா?

வேளிமலை:
நேற்று ஒருவர் இங்கே பெருமையாக எழுதியிருந்தார்: "குமரி மாவட்டத்து மாநில நெடுஞ்சாலை எண்களை எல்லாம் இடைவெளி இல்லாமல் எஸ்ஹெச்45 (SH45) என்கிற மாதிரி ஒட்டி மாற்றிவிட்டேன். இனி நாமே திருத்துகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஒரே சீராக இருக்கும், குரல் வழிகாட்டியும் ஒழுங்காக வாசிக்கும்." யாரைக் கேட்டு மாற்றினார்? அந்த 45, அதாவது கேரளத்து நெடுமங்காடு வரை பெயர் நீளும் ஆரல்வாய்மொழி–நெடுமங்காடு சாலை, மேப்பில் துண்டு துண்டாகக் கிடந்தபோது ராத்திரி உட்கார்ந்து இழுத்துச் சேர்த்தவன் நான். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் வைத்திருந்தேன். இப்போது என் போன் "ஷ் நாற்பத்தைந்தில் திரும்பவும்" என்கிறது. வண்டியில் பேசிக்கொண்டிருப்பவர்களை வாயை மூடச் சொல்கிறதா, வழி சொல்கிறதா?

தொடுவெட்டி தம்பி:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணாச்சி. பெயர் சொல்லியே திட்டலாம். ஒருவர் இடைவெளி விடுகிறார், இன்னொருவர் கோடு போடுகிறார், மூன்றாமவர் புள்ளி வைக்கிறார். ஒட்டி எழுதினால் ஒரே வடிவம், தேடினால் அத்தனையும் கிடைக்கும். உங்கள் போன் "ஷ்" என்றால் அது போனின் கோளாறு. என்னுடையது "எஸ் ஹெச் நாற்பத்தைந்து" என்று அழகாகச் சொல்கிறது.

வேளிமலை:
தம்பியின் போனுக்காக மாவட்டமே ஒட்டி எழுத வேண்டுமா? மாநில நெடுஞ்சாலைக் கல்லைப் பார்த்ததுண்டா? தலையில் பச்சை அடித்திருக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் மஞ்சள். அந்தப் பச்சைக் கல்லில் எழுத்தும் எண்ணும் ஒட்டியா நிற்கிறது? இடைவெளி இருக்கிறது. அரசாங்கமே விட்ட இடைவெளியை அடைக்க நீங்கள் யார்?

பழையாறு:
நான் பார்த்த கல்லில் நடுவில் கோடு இருந்தது. இன்னொன்றில் எழுத்துக்குக் கீழே எண். பெயிண்டர் கைபோன போக்கை எல்லாம் அரசாணை ஆக்காதீர்கள்.

வேளிமலை:
கோடும் இடைவெளிதான். ஒட்டவில்லை அல்லவா?

காளிகேசம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெயருக்கு ஒரு புலம், எண்ணுக்கு ஒரு புலம் தனித்தனியாக உண்டு. எண் 'ரெஃப்'-இல் போகும், பெயர் 'நேம்'-இல் போகும், தமிழ்ப் பெயருக்குத் தனி இடம், ஊர் வழக்குக்குத் தனி இடம், பழைய எண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது. குரல் எதை முதலில் வாசிக்க வேண்டும், எண்ணையா பெயரையா என்பது ஆப் எடுக்கிற முடிவு. 45 தமிழ்நாட்டு எண்ணா, கேரளத்து எண்ணா என்பதை ரூட் ரிலேஷனில், அதாவது ஒரு சாலையின் துண்டுகளை எல்லாம் சேர்த்துக் கட்டுகிற பதிவில், குறிக்கலாம். முதலில் 'பெயர்' என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துவிட்டு இடைவெளிக்கு வரலாமே?

தொடுவெட்டி தம்பி:
அக்கா, அதெல்லாம் சரி. ஒட்டியா, ஒட்டாமலா? அதைச் சொல்லுங்கள்.

குலசேகரம் ரப்பர்:
நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். ஒட்டினாலும் பிரித்தாலும் எனக்கு ஒன்றுதான், அந்த நம்பர் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. குலசேகரம் சந்தியில் இறங்கி "எஸ்ஹெச் 45 எது?" என்று கேட்டுப் பாருங்கள், சுகமில்லையோ என்று பார்ப்பார்கள். அருமனைக்குப் போகிற பக்கம் அருமனை ரோடு. அருமனையில் நிற்பவனுக்கு அதே ரோடு குலசேகரம் ரோடு. போகிற ஊர்தான் ரோட்டுக்குப் பெயர். குரலும் அதைச் சொன்னால் போதும்.

இன்னொன்று. கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை போகிற தேசிய நெடுஞ்சாலையை எங்கள் அப்பா காலத்திலிருந்து 47 என்கிறோம். 2010-இல் நாடு முழுவதும் நம்பரை மாற்றியபோது அது 66 ஆனது. மதுரை, நெல்லை வழியாகக் குமரிக்கு வருகிற 7-ஆம் நம்பர் ரோடு 44 ஆனது. இன்றைக்கும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று 66 என்று சொன்னால் எத்தனை பேருக்குப் புரியும்? நம்பர் மாறும் மக்கா, ஊர் மாறாது.

பழையாறு:
ஊர் மாறாதா? இந்தத் தம்பியின் பெயரிலேயே இருக்கிறதே தொடுவெட்டி! இன்றைக்கு அது மார்த்தாண்டம்.

தொடுவெட்டி தம்பி:
எங்கள் ஊரை இழுக்க வேண்டாம். பாட்டிமார் இன்னும் தொடுவெட்டிச் சந்தை என்றுதான் சொல்கிறார்கள். நாகர்கோவில்காரர்களுக்குப் பார்வதிபுரம் பாலம் தாண்டினாலே எல்லாம் காடு என்று நினைப்பு.

பழையாறு:
பாலம் உங்களுக்கும் ஒன்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் நின்று பார்த்தால் எங்கள் ஊர் தெரியும்.

வேளிமலை:
பாலத்தை விடுங்கள். மூன்று பதிவுகளாக இடைவெளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, கவனித்தீர்களா? பதில் இல்லாதபோது பாலத்துக்குப் போய்விடுகிறார்கள்.

குலசேகரத்துத் தம்பிக்கும் சொல்கிறேன். "ஆரல்வாய்மொழி நெடுமங்காடு மாநில நெடுஞ்சாலை நாற்பத்தைந்தில் இடதுபுறம் திரும்பவும்" என்று குரல் சொல்லி முடிக்க எப்படியும் நாலைந்து நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். சொல்லி முடிப்பதற்குள் 70, 80 மீட்டர் ஓடி, திருப்பம் பின்னால் போயிருக்கும். அதனால்தான் சுருக்கமான எண் வேண்டும். சுருக்கமான எண் காதில் விழ வேண்டுமென்றால் இடைவெளி வேண்டும்.

குலசேகரம் ரப்பர்:
60-ஆ? சுங்கான்கடையில் சாயங்காலம் வந்து பாருங்கள் அண்ணாச்சி. குரல் ரோட்டின் முழு வரலாற்றையும் சொல்லி முடித்தாலும் வண்டி அதே இடத்தில்தான் நிற்கும்.

காளிகேசம்:
"அருமனை ரோடு" என்பதை ஊர் வழக்குப் புலத்தில் போடலாம். அல்லது அந்தச் சந்தியில் 'போகிற ஊர்' என்று தனியாகக் குறித்தால் குரல் "அருமனை நோக்கி இடதுபுறம்" என்று சொல்லும். எண்ணும் தன் இடத்தில் இருக்கும். இருவருக்கும் ஒன்றும் குறையாது.

எல்லை விஷயத்தையும் யோசியுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்பு ஆரல்வாய்மொழியும் நெடுமங்காடும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. இன்று சாலையின் பெயரில் மட்டும் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. 45 என்ற எண் தமிழ்நாட்டு எல்லையோடு சரி. அந்தப் பக்கம் கேரளம் தனக்கென்று 1-இலிருந்து எண்ணிக்கொள்கிறது. அவர்களுடைய எஸ்ஹெச் 1 எம்.சி. ரோடு (மெயின் சென்ட்ரல் ரோடு), நெடுமங்காடு வழியாகத் தென்மலைக்குப் போவது எஸ்ஹெச் 2. மாநிலத்தைக் குறிக்காமல் வெறும் எண்ணை மட்டும் சீராக்கினால் களியக்காவிளைப் பக்கம் குழப்பம்தான் மிஞ்சும்.

வேளிமலை:
கேரளத்துக்காரர்கள் இடைவெளி விடுகிறார்களா?

காளிகேசம்:
அதுவா இப்போது கேள்வி?

வேளிமலை:
அதுதான் கேள்வி. தலைப்பைப் படியுங்கள்.

தொடுவெட்டி தம்பி:
அவர்கள் எப்படி எழுதினால் நமக்கென்ன? அண்ணாச்சிக்கு என் மேல் பழைய கோபம். போன தடவை நாகர்கோயிலா நாகர்கோவிலா என்ற சண்டையில் நான் 'வி' பக்கம் நின்றேன். அதை இடைவெளி வழியாகத் தீர்த்துக்கொள்கிறார்.

வேளிமலை:
அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கோயில்தான் சரி.

பழையாறு:
ஆரம்பித்துவிட்டார்.

வேளிமலை:
ஆரம்பித்தவர் தம்பி. சரி, நான் எல்லாவற்றையும் பழையபடி இடைவெளியோடு மாற்றிவிட்டேன். ஆரல்வாய்மொழியிலிருந்து எல்லை வரை. இப்போது குரல் ஒழுங்காக வாசிக்கிறது.

தொடுவெட்டி தம்பி:
பார்த்தேன். அருமனைப் பக்கத்தில் ஒரு துண்டில் இரண்டு இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அதுவும் கல்லில் இருக்கிறதா? இன்று ராத்திரி நான் மறுபடி ஒட்டுவேன்.

வேளிமலை:
ஒட்டுங்கள், நானும் தூங்கப் போவதில்லை.

குலசேகரம் ரப்பர்:
காளிகேசம் அக்கா, அந்த 'போகிற ஊர்' என்பதை எப்படிப் போடுவது? திருவட்டார் திருப்பத்தில் ஒன்று போட வேண்டும்.

வேளிமலை:
போடும்போது கமாவுக்குப் பிறகு இடைவெளி விடுங்கள் தம்பி.

பழையாறு:
அங்கே கமாவே கிடையாது அண்ணாச்சி, அரைப்புள்ளி.

வேளிமலை:
யார் சொன்னது?