காலப் பயணம் சென்று திரும்புபவரின் மனத்தில் முதலில் எது ஆட்டம் காணும்?

செவ்வந்தி:

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக ஒரு நெடுங்கதை எழுதி வருகிறேன். அதன் நாயகி தன் முப்பதாவது வயதில், எட்டு வயது மகளை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒளியின் வேகத்தில் 98 விழுக்காட்டை எட்டக்கூடிய விண்கலத்தில் புறப்படுகிறாள். கலத்துக்குள் 4 ஆண்டுகள் கழிவதற்குள், சார்பியல் கோட்பாட்டின் கணக்குப்படி, பூமியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவள் திரும்பி வந்து இறங்கும்போது தாய்க்கு வயது 34, மகளுக்கு 28.

இயற்பியலில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. மனத்தை எழுதத் தொடங்கும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. முதல் வரைவில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தபோது, அந்த அழுகை இருவரில் எவருக்கும் சொந்தமில்லாதது போலத் தோன்றியது. நான்கு ஆண்டுப் பிரிவுக்கு அழுகிறவளும் இருபது ஆண்டுப் பிரிவுக்கு அழுகிறவளும் ஒரே அழுகையை எப்படி அழ முடியும்? அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டேன்.

காலத்தைத் தாண்டி வந்தவரின் மனத்தில் முதலில் எது ஆட்டம் காணும்? எதிர்காலத்துக்குச் செல்பவரும் கடந்த காலத்துக்குச் செல்பவரும் ஒரே விதமாகத்தான் பாதிக்கப்படுவார்களா? இப்படிப் போய்வந்தவர் எவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், பிறருடைய காலத்திலிருந்து ஏதோ ஒரு வகையில் விலகியிருந்து மீண்டவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஊசல்:

செவ்வந்தி அவர்களுக்கு வணக்கம். இயற்பியலில் தடுமாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கதையின் மிகப் பெரிய மனக்காயம் அந்த இயற்பியலுக்குள்ளேயேதான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தாயும் மகளும் ஒருவருக்கொருவர் நாள்தோறும் ஒரு செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கலம் விலகிச் செல்லும்போது செய்திகள் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால், நீங்கள் சொல்லும் வேகத்தில் அவை ஏறத்தாழ பத்து மடங்கு மெதுவாகவே வந்து சேரும். போகும் வழியில் கழியும் 2 ஆண்டுகளில், மகளுடைய வாழ்க்கையில் வெறும் இரண்டரை மாதங்கள்தான் தாய்க்குத் தெரியவரும். கலம் பூமியை நோக்கித் திரும்பிய பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். மிச்சமிருக்கும் ஏறத்தாழ 20 ஆண்டுகளும் அடுத்த 2 ஆண்டுகளில் பத்து மடங்கு வேகத்தில் கொட்டும். காலையில் பால்பல் விழுந்த செய்தி வந்தால், சில மாதங்களிலேயே பூப்பெய்திய செய்தி வரும். தாய் ஒன்றுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் மகள் அதைக் கடந்து வெகுதூரம் போயிருப்பாள்.

இனி மகளின் பக்கத்திலிருந்து பாருங்கள். போகும் வழியில் தாய் எழுதிய 2 ஆண்டுக் கடிதங்கள்தான் அவளுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முழுவதும் வந்துகொண்டிருக்கும், பத்து நாளைக்கு ஒன்றாக. அவற்றை எழுதும்போது தாய் அறிந்திருந்தது எட்டு வயதுக் குழந்தையை மட்டுமே. எனவே பதினைந்து வயதிலும் இருபத்தைந்து வயதிலும் அந்தப் பெண்ணுக்கு வரும் கடிதங்களில் ‘பல் துலக்கினாயா? இருட்டைக் கண்டு பயப்படாதே’ என்றுதான் எழுதியிருக்கும். திரும்பும் வழியில் தாய் எழுதியவை எல்லாம் கலம் இறங்குவதற்கு முந்தைய இரண்டரை மாதங்களில் மொத்தமாக வந்து குவியும். எந்தக் கடிதத்திலும் தாயிடம் அன்பு குறையவில்லை. அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. இருந்தும், ‘அம்மாவுக்கு நான் வளரவே இல்லை’ என்ற மனத்தாங்கல் மகளுக்குள் இறுகிப் போயிருக்கும். குற்றம் செய்தவர் எவரும் இல்லாத மனத்தாங்கல் என்பதால் அதை ஆற்றுவதும் எளிதன்று.

உண்மையில் நடந்தவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியவர் விண்வெளி வீரர் செர்கேய் கிரிகாலியோவ். 1991 மே மாதத்தில் சோவியத் குடிமகனாக மீர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றவர், 1992 மார்ச்சில் தரையிறங்கியபோது அந்த நாடே இல்லை. அவருடைய சொந்த நகரமான லெனின்கிராடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகியிருந்தது. அவர் இறங்கிய கஜகஸ்தான் தனி நாடாகியிருந்தது. ஆறு பயணங்களில் மொத்தம் 803 நாட்கள் விண்வெளியில் இருந்ததால், அவர் நம்மைவிட ஒரு நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு எதிர்காலத்துக்கு நகர்ந்திருக்கிறார் என்பார்கள். அந்த நொடித்துளியை எந்த மனமும் உணராது. நாடு மறைந்த செய்தி வானொலி வழியாக அன்றன்றைக்கே அவருக்குக் கிடைத்துவந்தது என்பதுதான் இங்கே முக்கியம். துளித்துளியாக வந்ததால் அவரால் அதை உள்வாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். உங்கள் நாயகிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனத்துக்குள் இருக்கும் கடிகாரத்தை நம்பவே முடியாது. 1962-இல் பிரெஞ்சு நிலவியலாளர் மிஷெல் சிஃப்ர் ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் கடிகாரமின்றி இரண்டு மாதங்கள் தங்கினார். செப்டம்பர் 14 அன்று ஆய்வு முடிந்ததென்று அறிவித்தபோது, அவருடைய கணக்கில் அது ஆகஸ்ட் 20-ஆக இருந்தது. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால், அதற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் எடுத்துக்கொண்டார்.

கரைமணல்:

எனக்கு இயற்பியல் தெரியாது. என் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். அதில் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

நுரையீரல் தொற்றுக்காக அப்பா 23 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், மயக்க மருந்தின் பிடியில், வென்டிலேட்டர் உதவியுடன் இருந்தார். பதினோராவது நாள் அவருடைய தாயார், எங்கள் பாட்டி, வீட்டில் இறந்துபோனார். அப்பா இல்லாமலேயே எல்லாவற்றையும் செய்து முடித்தோம்.

அவர் கண்விழித்த பிறகு தேதியைச் சொன்னோம். தலையை ஆட்டிக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. மறுநாள் கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நகங்களையே பார்த்தபடி இருந்தார். யாரும் வெட்டிவிடாததால் அவை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தன. ‘இது நிஜம்தானா?’ என்று கேட்டார். நாட்காட்டி சொல்லி நம்பாததை நகம் சொல்லி நம்பினார். முதலில் எது ஆட்டம் காணும் என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்டவரையில், பிறர் சொல்லும் காலத்தின் மேல் இருக்கும் நம்பிக்கைதான் முதலில் ஆடியது.

பாட்டியின் சாவை மருத்துவர் அனுமதித்த பிறகு மெதுவாகச் சொன்னோம். அப்பா அழுதார். நாங்களும் கூடவே உட்கார்ந்திருந்தோம். ஆனால் எங்கள் கண்ணில் நீர் வரவில்லை. அன்பு இல்லாததால் அன்று. நாங்கள் அழுது முடித்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, அவர் மட்டும் தனியாகத் துக்கம் காத்தார். எங்கள் முகத்தில் இருந்த தெளிவு அவரை மிகவும் புண்படுத்தியது என்று பின்னாளில் சொன்னார். உங்கள் நாயகிக்கு நேரப்போவதும் இதுதான் என்று தோன்றுகிறது. அவள் புறப்பட்ட பிறகு இறந்தவர்களை மற்ற எல்லோரும் எப்போதோ அழுது அனுப்பியிருப்பார்கள்.

என் தங்கை மருந்து நேரங்களைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். அதன் ஓரங்களில் வேறு சிலவற்றையும் எழுதியிருந்தாள்: ‘இன்று அப்பாவின் கைபேசி 14 முறை அடித்தது’, ‘விரலை அசைத்தார், என் குரலுக்காகத்தான் என்று நினைக்கிறேன்’. ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவமனைகளில் செவிலியரும் குடும்பத்தாரும் நோயாளிக்காக இப்படியொரு நாட்குறிப்பை எழுதிவைத்து, குணமான பிறகு கொடுக்கும் வழக்கம் உண்டென்று பின்னர் அறிந்தேன். மயக்கத்தில் கண்ட கொடுங்கனவுகளே அந்த நாட்களின் நினைவாகத் தங்கிவிடாமல், உண்மையில் நடந்தவை அந்த இடத்தை நிரப்பட்டும் என்பதற்காக அவ்வாறு செய்கிறார்கள்.

வடமீன்:

கடந்த காலத்துக்குச் செல்பவரைப் பற்றி எவரும் இன்னும் எழுதவில்லை. அவருடைய பாதிப்பு வேறு வகையானது. என் கணிப்பில், இன்னும் கொடியது.

கடந்த காலத்தை மாற்ற முடியாது என்றால், அவர் நடக்கப்போவதை அறிந்த பார்வையாளர் மட்டுமே. ஒரு நிகழ்வின் முடிவு தெரிந்துவிட்டால் அது தொடக்கத்திலிருந்தே தவிர்க்க முடியாததாக இருந்தது போல் நமக்குத் தோன்றும் என்பதை 1975-இல் பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் சோதனைகளின் மூலம் காட்டினார். நமக்கு அந்தத் தோற்றம் எப்போதோ வந்து போகிறது. பயணிக்கோ விழித்திருக்கும் நேரமெல்லாம் அதுவே வாழ்க்கை. எதிரில் சிரித்துப் பேசுகிறவர் இறக்கும் நாள் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரோடு நட்போ காதலோ கொள்வதற்கு மனம் கூசும். மெல்ல மெல்ல எல்லோரையும் நிழற்படங்களாகப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மாற்ற முடியும் என்றால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஒருவர் தம் தம்பியை விபத்திலிருந்து காப்பாற்றிவிட்டுத் திரும்புகிறார் என்று கொள்வோம். தம்பி உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். தம்பியைப் பறிகொடுத்த பத்து ஆண்டுகள் அண்ணனின் நினைவில் மட்டும் இருக்கின்றன. வேறு எவருக்கும் அந்த நினைவு இல்லை, சான்றும் இல்லை. எவரும் ஒப்புக்கொள்ளாத, எந்தச் சான்றுக்கும் அசையாத நம்பிக்கையை உளமருத்துவம் பிறழ்நம்பிக்கை என்றுதான் கொள்ளும். தாம் பைத்தியம் இல்லை என்பதைத் தமக்கே நிரூபித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. நினைவும் கல்வெட்டு போன்றதன்று. 1995-இல் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்யான நிகழ்வை 24 பேரிடம் உண்மை போலச் சொன்னபோது, அவர்களில் 6 பேர் அதை முழுமையாகவோ ஓரளவோ நினைவிருப்பதாகக் கூறினர். இதை அறிந்த ஒரு பயணி, தம்பியின் சாவைத் தாமே கற்பனை செய்துகொண்டோமோ என்று ஒருநாள் ஐயப்படத்தான் செய்வார். ஐயப்படாவிட்டால் எவரோடும் பகிர முடியாத துக்கம். ஐயப்பட்டாலோ தம் வாழ்வில் பத்து ஆண்டுகளே பொய்.

நெய்தல்:

மேலே எழுதியவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். மனித மனம் இவ்வளவு எளிதில் நொறுங்குவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவில் 1974 வரை ஒளிந்திருந்த ஜப்பானிய வீரர் ஹிரோ ஓனோடா, போர் முடிந்து 29 ஆண்டுகளுக்குப் பின் தம் பழைய மேலதிகாரி நேரில் வந்து ஆணையிட்ட பிறகே ஆயுதத்தைக் கீழே வைத்தார். திரும்பிய ஜப்பானில் அவருக்கு மனம் ஒட்டவில்லை என்பது உண்மை. அடுத்த ஆண்டே பிரேசிலுக்குச் சென்று கால்நடைப் பண்ணை அமைத்து, குடும்பத்தோடு வாழ்ந்தார். தமக்குப் பழக்கமான இடம் மாறிப்போனால், முற்றிலும் புதிய இடமே பலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. ஆனால் கரைமணல் அவர்கள் சொன்ன அவநம்பிக்கையின் கொடூரமான முகத்தையும் அவரிடம் காண்கிறோம். துண்டறிக்கைகளையும் செய்தித்தாள்களையும் எதிரியின் சூழ்ச்சியென்றே அவர் கருதினார். அதனால் அப்பாவித் தீவு மக்கள் பலர் உயிரிழந்தனர். காலம் தவறிய மனம் தன்னை மட்டும் வருத்துவதில்லை என்பதையும் கதையில் மறந்துவிடாதீர்கள்.

புராணத்தில் வரும் ககுத்மி மன்னன் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மனிடம் சென்று சற்று நேரம் காத்திருந்ததில், பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்துவிட்டன. அவன் மனத்தில் வைத்திருந்த வரன்கள் மட்டுமின்றி, அவர்களுடைய வம்சங்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. திரும்பி வந்த ரேவதி பலராமனை மணந்து புதிய காலத்தில் வேர்விடுகிறாள். தந்தையோ தவம் செய்யப் போய்விடுகிறான். இளையவருக்கு இருக்கும் இசைவு மூத்தவருக்கு இல்லை என்று இதைப் படிக்கலாம். எனக்கு வேறொன்றும் படுகிறது. அவர்கள் இருவராகப் போனார்கள். ‘அன்று அப்படி இருந்ததே, நினைவிருக்கிறதா?’ என்று கேட்க ஒருவருக்கு மற்றவர் இருந்தார். உங்கள் நாயகி ஏன் தனியாகப் போகிறாள்?

செவ்வந்தி:

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊசல் அவர்கள் சொன்ன கடிதக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. சந்திப்புக் காட்சியை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். மகள் ஒரு பெட்டி நிறையக் கடிதங்களோடு வருகிறாள். கடைசி இரண்டரை மாதங்களில் வந்து குவிந்தவற்றைப் பிரிக்காமலேயே கொண்டுவருகிறாள். நெய்தல் அவர்களே, அவள் தனியாகப் போக வேண்டியிருப்பது கதையின் கட்டாயம். ஆனால் உங்கள் கேள்வியை மகளே அவளிடம் கேட்கப் போகிறாள்.

கரைமணல் அவர்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் தங்கையின் நோட்டுப் புத்தகத்தை அப்பா படித்தாரா?

கரைமணல்:

உடனே படிக்கவில்லை. ஒரு மாதம் தலைமாட்டிலேயே கிடந்தது. பிறகு ஒரு பிற்பகலில் தாமே எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தார். பதினோராவது நாள் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். பாட்டி போன நேரம், கடைசியாகக் கேட்ட தண்ணீர், யார் யார் வந்தார்கள் என்பது வரை அதில் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் படித்த பிறகும் அவர் கேட்டது, ‘அன்றைக்கு மழை பெய்ததா?’ என்றுதான். அதை அவள் எழுதியிருக்கவில்லை. எங்களில் எவருக்கும் நினைவும் இல்லை.