தொடர்ந்து ரத்ததானம் செய்பவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். பல வருடங்களாக ரத்தம் கொடுத்து வருகிறேன். இந்த முறை விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் 12.5-ஐத் தொடவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊசியைவிட அந்த "அடுத்த முறை பார்க்கலாம்"தான் வலித்தது.

ஒரு முறை கொடுத்தாலே 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து போய்விடும். அது திரும்பச் சேர மாதக்கணக்கில் ஆகும். மருத்துவர் ஃபெரிட்டின் (உடலில் எவ்வளவு இரும்புச்சத்து சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் புரதம்) அளவைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்டால் வயிறு மந்தம், மலச்சிக்கல். (மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்!)

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்: மாத்திரையை எப்போது போட்டால் வயிறு ஒத்துக்கொண்டது? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் உண்டா? அப்புறம், மறுபடி கொடுக்கப் போனபோது இடைவெளியைக் கூட்டிக்கொண்டீர்களா, இல்லை தட்டணுக்கள் (பிளேட்லெட்) மட்டும் கொடுக்க ஆரம்பித்தீர்களா?