மலைப்பாதையில் சென்டர் லாக் தானாகத் திறந்து பூட்டுகிறது, எங்கே பார்ப்பது?

செங்கோட்டை ஏழுசீட்டர்:
ஏழு சீட் டீசல் வண்டி, கைமாறி வந்தது. கம்பெனி சென்டர் லாக் கிடையாது, வெளியில் வாங்கி மாட்டிய ரிமோட் கிட். சாவியை ஆன் செய்தால் நாலு கதவும் பூட்டும், ஆஃப் செய்தால் திறக்கும். புளியரை எஸ் வளைவில் ஏறும்போது குலுங்கினால் டக் என்று திறந்து, உடனே டக் என்று பூட்டுகிறது. தென்காசி ரோட்டில் இப்படி வருவது அபூர்வம். இது போக இடது பின்கதவு சில நேரம் பூட்டுவதே இல்லை, சாரல் நாளில் இன்னும் மோசம். பின்சீட்டில் சின்னப் பையன் உட்காருவான். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் போதும் என்கிறார்கள். சரியா?

மல்டிமீட்டர்:
உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் டக் டக். வெளிக் கிட்டுக்குப் பெரும்பாலும் வண்டியின் வேகம் தெரியாது. கம்பெனி லாக் வேக சிக்னலைப் பார்த்து, பல மாடல்களில் 15-20 கிலோமீட்டர் வேகம் வந்ததும் பூட்டும். உங்கள் கிட்டின் கன்ட்ரோல் பெட்டி இக்னிஷன் வயரில் (சாவியை ஆன் செய்தால் கரண்ட் வரும் வயர்) 12 வோல்ட் வந்தால் பூட்டும், போனால் திறக்கும், அவ்வளவுதான். அந்த வயரை ஸ்டீயரிங்குக்குக் கீழே சாவி வயரில் உரித்துச் சுற்றி டேப் ஒட்டியிருப்பார்கள். குலுக்கலில் ஒரு கணம் தொடர்பு விட்டாலே வண்டியை அணைத்ததாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டதும் பூட்டும். திறப்பதும் பூட்டுவதும் ஜோடியாக வருவதால் என் முதல் சந்தேகம் இதுதான்.

ஜோடியாக இல்லாமல் முறையின்றி ஒற்றை ஒற்றையாக அடித்தால் டிரைவர் கதவு லாக் மோட்டாரைப் பாருங்கள். அதற்கு மட்டும் ஐந்து வயர். வழக்கமாக பச்சையும் நீலமும் மோட்டாருக்கு, வெள்ளை, பிரவுன், கருப்பு மூன்றும் உள்ளே இருக்கும் ஸ்விட்சுக்கு. கருப்பு எர்த். வெள்ளையோ பிரவுனோ அதைத் தொட்டால் பெட்டி எல்லாக் கதவையும் இயக்கும். நிறம் கிட்டுக்குக் கிட்டு மாறலாம். மற்ற கதவுகளுக்கு இரண்டு வயர் போதும்; மின்சாரம் திசை மாறினால் மோட்டாரும் திசை மாறும்.

எது என்று பிரித்தறிய சாவியை எடுத்துவிட்டு டிரைவர் டோர் பேடைக் (கதவின் உள்பக்க அட்டை) கையால் பலமாகத் தட்டுங்கள், லாக் குமிழை லேசாக அசையுங்கள். அப்போதே லாக் அடித்தால் ஸ்விட்ச் அல்லது கம்பி (மோட்டாரை லாக்குடன் இணைக்கும் இரும்புக் கம்பி, வயர் அல்ல) லூஸ். அடிக்காவிட்டால் சாவியை ஆன் செய்து, கிட்டுக்குப் போகும் வயர்க் கட்டை மட்டும் ஆட்டுங்கள். மஞ்சள் உறையில் வருவது ஏர்பேக் வயர், அதில் கை வைக்காதீர்கள். லூஸ் கிடைத்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுகப் பிடிக்கும் உறை) போடுங்கள். வெறும் டேப் வெயிலில் பசை இளகி மறுபடி கழன்றுவிடும்.

இடது பின்கதவுக்கு முதல் இடம், நடுத்தூணுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் அங்கேதான் மடங்குகிறது. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் வயர் அறுந்த வயர். ஈரம் போனால் செம்பில் பச்சை பூக்கும், சாரலில் மோசமாவதற்கு அதுவும் காரணமாகலாம்.

டோர்பேட்:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். பின்கதவு மோட்டாரை மீட்டரில் பார்க்காதீர்கள். கரண்ட் வருவது ஒரு நொடிக்கும் குறைவு, டிஜிட்டல் மீட்டர் எண் காட்டுவதற்குள் போய்விடும். 12 வோல்ட் டெஸ்ட் பல்பை இரண்டு வயருக்கும் நடுவே வைத்து ரிமோட்டை அமுக்குங்கள். மின்னினால் வயர் நல்லது, மோட்டாரோ கம்பியோ கெட்டது. மின்னாவிட்டால் ரப்பர் குழாய்க்குப் போங்கள்.

புது மோட்டார் போட்டும் சில மாதத்தில் போகிறது என்றால் மோட்டாரைத் திட்டுவதில் பயனில்லை. மோட்டார் கம்பியும் லாக் கம்பியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் இரண்டையும் சேர்க்கும் கிளாம்ப் இழுத்துப் பிடிக்கும், மோட்டார் சூடாகிச் செத்துவிடும். கிளாம்பைக் கழற்றிவிட்டுக் குமிழைக் கையால் ஏற்றி இறக்குங்கள், சிக்காமல் போக வேண்டும். கதவுப் பூட்டிலேயே இறுக்கம் இருந்தால் கிரீஸ் வையுங்கள், என்ஜின் ஆயில் வேண்டாம், மண் ஒட்டும்.

கோட்டைவாசல்:
பையன் இருக்கிற வண்டி என்கிறீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. சென்டர் லாக் வேறு, சைல்டு லாக் வேறு. பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்பைத் தள்ளினால் உள்கைப்பிடி வேலை செய்யாது. அது முழுக்க மெக்கானிக்கல், மின்சாரம் தேவையில்லை. பையன் பக்கம் அதைப் போட்டுவிட்டால், நடுவழியில் லாக் திறந்துகொண்டாலும் அவனால் கதவைத் திறக்க முடியாது. வெளியிலிருந்து திறக்கும். (டாக்ஸிப் பதிவு கார் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். 2019 ஜூலை முதல் அவற்றில் சைல்டு லாக் கூடாது.)

இன்னொன்று, ஏர்பேக் உள்ள பல புது வண்டிகளில் மோதினால் லாக் தானே திறக்கும். ஏர்பேக் கம்ப்யூட்டர் அனுப்பும் சிக்னல் அது. வெளிக் கிட்டுக்கு அந்தத் தொடர்பு கிடையாது. அதனால் நாலு குமிழும் கையால் ஏறி இறங்குகின்றனவா என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். என்ஜினை ஓடவிட்டு இறங்கவும் வேண்டாம். செக்போஸ்டில் இறங்கிக் கதவைச் சாத்தும் நேரம் பார்த்து அந்த வயர் அடித்தால் சாவியும் பையனும் உள்ளே, நீங்கள் வெளியே. வேறு வழியில்லாமல் கண்ணாடியை உடைக்க நேர்ந்தால் பையனுக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும்.

ஃப்யூஸ் பிடுங்குவது தற்காலிகமாகச் சரிதான், குமிழால் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் கிட்டுக்குப் பவர் எந்த ஃப்யூஸிலிருந்து எடுத்திருக்கிறது என்று பாருங்கள். ஹாரனும் அதிலேயே இருந்தால் ஆரியங்காவு வளைவுகளில் கஷ்டம்.

செங்கோட்டை ஏழுசீட்டர்:
தட்டிப் பார்த்தேன், டிரைவர் கதவில் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் கீழே வயரை ஆட்டினால் அடிக்கிறது. சால்டர் வைக்கிறேன். பின்கதவு டோர் பேடை உடையாமல் எடுப்பது எப்படி?

டோர்பேட்:
கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள். உள்கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கைவைக்கும் இடத்தில் ஒன்றோ இரண்டோ மூடிக்குள் இருக்கும். அவற்றைக் கழற்றியபின் கீழ் மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்பால் கிளிப் கிளிப்பாக இழுங்கள். பழைய கிளிப் சில உடையத்தான் செய்யும், அதே மாடலுக்கு நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காதீர்கள். ஏற்கெனவே கிழிந்திருந்தால் சாரல் தண்ணீர் உள்பக்கம் வந்து வயர் கப்ளரை (வயர்கள் சேரும் இணைப்பு) நனைத்திருக்கும், பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ஒட்டும் ரப்பர் டேப்) வைத்துத் திரும்ப ஒட்டுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் குத்திவிடுங்கள், இலைக் குப்பை அடைத்திருக்கும்.