கேஸ்கட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்: அடைபட்டையா, அண்டையா?

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். வேலூரில் நான் பாடம் நடத்தும் தொழிற்பயிற்சிப் பட்டறைக்குப் பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது. அதைப் பிரித்துக் கோப்பதற்கான பாடக்குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். பிஸ்டனையும் வால்வையும் அப்படியே விட்டுவிட்டேன். அவற்றைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மூடிகளை எண்ணெய் கசியாமல் பொருத்தும் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இரு பாகங்களுக்கு நடுவே கசிவை அடைக்க வைக்கும் பொருளைக் கேஸ்கட் என்று எழுதினால் மாணவனுக்கு அதன் பெயர் தெரிகிறதே ஒழிய, அது செய்யும் வேலை தெரிவதில்லை.

நம் மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்று சொல்லும் மேல்மூடி வெறும் தகடு. இரண்டே நட்டுகள் அதை மேலிருந்து பிடிக்கின்றன. மூடிக்கும், சிலிண்டர்களின் மேல் அமரும் ஹெட் என்ற பாகத்துக்கும் நடுவே ஒரு கார்க் பட்டை இருக்கிறது. சென்ற வாரம் ஒரு மாணவன், கசிகிறதே என்று நட்டுகளை மேலும் மேலும் இறுக்கினான். ஒரு பக்கத்தில் கார்க் நாக்கு நீட்டியது போலப் பிதுங்கியது. மறுபக்கத்தில் எண்ணெய் கோடாக இறங்கியது. மூடியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துப் பார்த்தபோது, விளிம்பு வளைந்து, அடியில் ஓர் அஞ்சலட்டை தாராளமாக நுழைந்தது. விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்துத் தட்டி நேராக்கி, பழைய பசையைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, புதிய கார்க்கை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டி, கனம் ஏற்றி ஓர் இரவு வைத்தோம். ஹெட்டின் பக்கம் பசை தடவவில்லை. மறுநாள் இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி அளவாக இறுக்கி, எஞ்சின் சூடேறி ஆறிய பின் மறுபடி சரிபார்த்தோம். இப்போது கசிவில்லை.

ஆகவே நடுவில் இருப்பது, அழுத்தத்துக்கு இணங்குவது, அடைப்பது ஆகிய மூன்றில் இரண்டையாவது சொல் காட்ட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் காலை

ஐயா, 'அடைபட்டை' என்பதை முன்வைக்கிறேன். அடைத்த பட்டை, அடைக்கின்ற பட்டை, அடைக்கும் பட்டை என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. காலம் கரந்த பெயரெச்சமே வினைத்தொகை என்று நன்னூல் கூறுவதை இங்கு எல்லாரும் அறிவோம். ஊறுகாய், சுடுகாடு போல நடுவில் வல்லினம் மிகாது. தயவுசெய்து 'அடைப்பட்டை' என்று எழுதிவிட வேண்டாம். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கார்க் என்பதே ஒருவகை ஓக் மரத்தின் பட்டைதான். நீள்துண்டு, மரத்தோல் என்ற இரு பொருளையும் 'பட்டை' என்ற ஒரே சொல் தாங்குகிறது. இது தானாக வந்து வாய்த்த சொல்.

ராணிப்பேட்டையிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயாவின் இலக்கணத்தில் எனக்குக் குறை இல்லை, கண்ணில்தான் குறை. 'அடைபட்டை' என்பதை விரைவாகப் படிப்பவர் 'அடைபட்ட' என்றே படிப்பார். மேலும், பட்டை என்பது மேல்மூடிக்குப் பொருந்தலாம், ஹெட் கேஸ்கட்டுக்குப் பொருந்தாது. அது சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் துளைகள் வெட்டிய அகன்ற தகடு.

எங்கள் குடும்பம் தோல் தொழிலில் இருந்தது. அடிபம்புக்குள் போகும் கிண்ண வடிவத் தோல் வாஷரை வெட்டிக் கொடுத்திருக்கிறோம். வாஷர் என்ற சொல்லைக் கேட்டு எந்தப் பாட்டியும் விழித்ததில்லை. அதுபோலவே இந்த மாவட்டத்துப் பட்டறைகளில் கேஸ்கட்டை எல்லாரும் 'பேக்கிங்' என்கிறார்கள். வடசொல்லையே அதன் எழுத்தைக் களைந்து தமிழெழுத்தில் ஏற்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கும்போது, பேக்கிங்கை வெளியே நிறுத்துவது ஏன்? மாணவன் நாளை கடைக்குப் போய் அடைபட்டை கேட்டால் வெறுங்கையோடு திரும்புவான்.

ஆரணியிலிருந்து, புதன் காலை

இருவருக்கும் வணக்கம். நான் மெக்கானிக் இல்லை, நெல் பயிரிடுகிறவன். காட்பாடி நண்பர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வரப்புதான் நினைவுக்கு வந்தது. நடவுக்கு முன் வரப்பின் உள்பக்கத்தைச் செதுக்கி, குழைந்த சேற்றை அப்பி, மண்வெட்டியின் முதுகால் வழித்து விடுவோம். நண்டு வளையெல்லாம் அதில் மூடிப்போகும், தண்ணீர் கசியாது. அதற்கு 'அண்டை கட்டுதல்' என்று பெயர். இணங்கும் பொருளை இடத்தில் அழுத்திக் கசிவை அடைப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் சேற்றில் கிடக்கும்போது, புதிதாக ஏன் செய்ய வேண்டும்? பழைய அண்டையைச் செதுக்காமல் புதுச் சேற்றை அப்பினால் ஒட்டாது என்பதும், பழைய பசையைச் சுரண்டாமல் புதுக் கார்க்கை வைக்கக் கூடாது என்பதும் ஒரே பாடம்தான்.

ஒரு கேள்வி. மடையைத் திறந்து மிகுதி நீரை விடாவிட்டால் எந்த அண்டையும் நிற்காது. எஞ்சினுக்கு அப்படி ஒரு மடை உண்டா?

காட்பாடியிலிருந்து, புதன் மதியம்

உண்டு. ப்ரீதர் என்னும் மூச்சுக்குழாய். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு அதன் வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நன்றாகப் பொருத்திய பேக்கிங்கிலும் எண்ணெயைத் தள்ளும். இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் குறிப்பில் அந்தப் பத்தியை நான் விட்டிருந்தது தெரிந்தது. நன்றி.

குடியாத்தத்திலிருந்து, புதன் இரவு

'அண்டை' அழகான சொல். அதை மறுக்க மனம் வரவில்லை. அண்டு என்னும் வினையிலிருந்து பிறந்தது. நெருங்கியிருப்பது, முட்டுக்கொடுப்பது, ஒட்டுப்போடுவது எல்லாம் அதில் அடங்கும். அண்டை வீடும் அதே வேர்தான். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் 'கடையாண்ட நில்லு', 'கிணத்தாண்ட போகாதே' என்கிறோம். குறிப்பில் 'மூடியண்டை' என்று எழுதினால், மூடிக்குப் பக்கத்தில் என்றல்லவா மாணவன் பொருள் கொள்வான்? தென்மாவட்டத்தில் இந்தக் குழப்பம் வராது. பாடம் நடப்பதோ வேலூரில்.

காட்பாடியிலிருந்து, வியாழன் இரவு

மூன்று சொற்களையும் இன்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பேக்கிங் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அது என்ன செய்கிறது என்று கேட்டபோது, நடுவில் வைப்பது என்பதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை. அடைபட்டையை இருவர் 'அடைபட்ட' என்றுதான் படித்தார்கள். ராணிப்பேட்டை நண்பர் சொன்னது சரி. அண்டை என்றதும் கணியம்பாடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "ரொம்ப அழுத்தினா சேறு பிதுங்கிடும் சார்," என்றான். நட்டை அளவுக்கு மேல் இறுக்கிய மாணவன் அவன்தான்.

நாளை அச்சுக்குப் போக வேண்டும். தனி அஞ்சலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் அடைபட்டையையே கேட்கிறார்கள். ஆகவே முதல் இடத்தில் 'அடைபட்டை என்னும் பேக்கிங்' என்றும், பிறகு அடைபட்டை என்றும் எழுதுகிறேன். ஹெட் கேஸ்கட்டுக்கு மட்டும் 'அடைதகடு'. சுழலும் தண்டைச் சுற்றி வரும் ஆயில் சீல் வேறு வகை. அதை இப்போது தொடவில்லை. அண்டை கட்டும் உவமையை ப்ரீதர் பத்தியில் முழுதாகச் சேர்த்திருக்கிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து, வியாழன் இரவு

பேக்கிங் முதல் வரியில் நிற்பதால் சம்மதிக்கிறேன்.

ஆரணியிலிருந்து, வெள்ளி காலை

எனக்குச் சம்மதம் இல்லை. உவமையாக வைக்கத் தகுந்த சொல், பெயராக வைக்கத் தகாதது எப்படி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி கேட்பேன்.