குதிரை ஜம்பிங்: பயிற்சியில் 90 செ.மீ. சுத்தம், போட்டியில் 80-க்கே கம்பு (போல்) விழுது: தோல்வி பயத்தை எப்படிக் கையாள்வது?

வேளச்சேரி_கேன்டர்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஈசிஆர் பக்கம் ஒரு ரைடிங் ஸ்கூலில் பயிற்சி எடுக்கிறேன். அங்கே 90 செ.மீ. உயர ஜம்ப்புகள் உள்ள கோர்ஸ் பிரச்சினை இல்லாமல் போகுது. அதே குதிரையை 80 செ.மீ. போட்டியில் இறக்கினால் ஜம்ப்பில் வச்ச போல் (கம்பு) விழுது, இல்லேன்னா மூணாவது ஜம்ப் முன்னாடி குதிரை நின்னுடுது. கீழே விழுகிற பயம் இல்லை. தோத்துடுவோமோங்கிற நினைப்புதான். பெல் அடிச்சதும் மூச்சு நெஞ்சிலேயே நிக்குது, கை இறுகுது, கோர்ஸ் பாதி மறந்துபோகுது. அடுத்து பெங்களூர் ஷோ. லாரி வாடகை, என்ட்ரி, ஸ்டேபிள் எல்லாம் வீட்டுக் காசு, அதை நினைச்சா இன்னும் மோசம். அங்கே ஒரு டிரெஸ்ஸாஜ் (குறிப்பிட்ட அசைவுகளைச் செஞ்சு காட்டி மார்க் வாங்குற பிரிவு) டெஸ்ட்டுக்கும் பேர் கொடுத்திருக்கேன். "ரிலாக்ஸ் பண்ணு" தவிர, கையால காலால செய்யக்கூடியதா ஏதாவது சொல்லுங்க.

---

குளம்படி:

தம்பி, பயம் மனசுல இருக்கட்டும், அது குதிரைக்கு எந்த வழியாப் போய்ச் சேருதுன்னு முதல்ல பாருங்க. மூச்சு மேலே நின்னா தோள் முன்னால சாயும். முழங்கால் சேடிலை (சேணத்தை) கவ்வும், குதிகால் எழும்பும், கீழ்க்கால் பின்னால நழுவும். பிடிமானம் தேடி கை ரெயினை (கடிவாள வாரை) பிடிச்சு இழுக்கும். "ஓடு"ன்னு சொல்ல வேண்டிய கால் காணாமப் போச்சு, "நில்லு"ன்னு சொல்ற கை மட்டும் பேசுது. குதிரை நிக்கத்தானே செய்யும்?

இதைக் கணக்காவே காட்டலாம். சாதாரண கேன்டரில் (நிதானமான ஓட்டத்தில்) ஒரு ஸ்ட்ரைடு, அதாவது குதிரையோட ஒரு பாய்ச்சல், சுமார் 3.6 மீட்டர். ஜம்ப் தாண்டி இறங்க 1.8, அடுத்த ஜம்ப்புக்கு எழும்ப 1.8. நாலு ஸ்ட்ரைடு லைன் (கணக்கா இடைவெளி விட்டு வச்ச ரெண்டு ஜம்ப்) அப்படின்னா 1.8 + 14.4 + 1.8, ஆக 18 மீட்டர். உங்க கை இறுகி ஸ்ட்ரைடு 3.3 ஆகுதுன்னு வைங்க. இறங்கின 1.8-ஓட நாலு ஸ்ட்ரைடும் சேர்த்தா 15 மீட்டர்தான் வந்திருக்கீங்க. ஜம்ப்புக்கு இன்னும் 3 மீட்டர் பாக்கி. அங்கேருந்து எழும்பினா தூரம் அதிகம். இன்னொரு முழு ஸ்ட்ரைடு வைக்க இடம் பத்தாது. ஒண்ணு, குதிரை எட்டித் தாவி போலைத் தட்டும், இல்லேன்னா குறுக்கி ஒரு அடி வச்சு கிட்டத்துல எழும்பி முன்காலால தட்டும், அதுவும் இல்லேன்னா நிக்கும். உயரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 90 தாண்டுற குதிரை 80-ல தடுமாறுறது இதனாலதான்.

மூணாவது ஜம்ப்னு சொன்னீங்க. நிறைய கோர்ஸ்ல முதல் ரெண்டும் தனித்தனியா, நிதானமா வரும். முதல் கணக்குள்ள லைன் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். உங்க பழைய கோர்ஸ் பிளான் இருந்தா எடுத்துப் பாருங்க, குதிரை நின்ன இடம் எல்லாம் லைனோட ரெண்டாவது ஜம்ப்பாவோ, கேட்டை விட்டு விலகிப் போற திருப்பத்துக்குப் பிறகோ இருக்கும்னு நினைக்கிறேன்.

வேலை மூணு. ஒண்ணு, ஒவ்வொரு மூலையிலும் மூச்சை வெளியே விடணும். இழுக்கிறதைப் பத்திக் கவலை வேண்டாம், வெளியே விட்டா உள்ளே தானா வரும். லைனுக்குள்ள ஸ்ட்ரைடை வாய்விட்டு எண்ணுங்க. பேசிக்கிட்டே மூச்சை அடக்க முடியாது. ஜம்பிங்கில் குரலுக்குத் தடை இல்லை. டிரெஸ்ஸாஜில் குரல் கொடுத்தா மார்க் போகும், அங்கே மனசுக்குள்ள எண்ணுங்க.

ரெண்டு, கழுத்தில் ஒரு நெக் ஸ்ட்ராப் போட்டு, ஜம்ப்புக்கு முன் ஒரு விரலை அதுல மாட்டிக்குங்க. கை பின்னால இழுக்க நினைச்சாலும் ஸ்ட்ராப்தான் இழுபடும், குதிரையோட வாய் தப்பிக்கும்.

மூணு, இப்பவே பயிற்சியில் ரெண்டு போலைத் தரையில் 18 மீட்டர் இடைவெளியில் போட்டு, கேன்டரில் நாலு ஸ்ட்ரைடுல போங்க. அடுத்த சுத்துல அஞ்சு ஸ்ட்ரைடுல போங்க, மறுபடி நாலு. கோச் கடைசி நிமிஷத்துல எண்ணிக்கையைச் சொல்லட்டும். ஸ்ட்ரைடு சுருங்குறதை நாலாவதுல இல்லாம ரெண்டாவதுலயே உணர்ற பழக்கம் இதுல வரும். இந்த வேலை வாரத்துல ரெண்டு நாள் போதும், குதிரையோட காலையும் பார்க்கணும்.

---

மயிலை_அரேனா:

குளம்படி அண்ணன் உடம்புப் பக்கம் சொல்லிட்டார். தோல்விங்கிற பக்கத்துக்கு நான் வர்றேன்.

"ஜெயிப்பு முக்கியம் இல்லை"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். காசு போட்டு 350 கிலோமீட்டர் குதிரையை ஏத்திட்டுப் போறவருக்கு அது முக்கியம்தான், மனசு அந்தப் பொய்யை நம்பவும் நம்பாது. மாத்த வேண்டியது அளவுகோலை. ரிப்பன் உங்க கையில இல்லை, உங்களுக்கு அடுத்து வர்றவர் ரெண்டு செகண்ட் வேகமா முடிச்சா அவ்வளவுதான். உங்க கையில இருக்கிறதை ஒரு அட்டையில் எழுதுங்க. மூணுக்கு மேல வேண்டாம்: எல்லா மூலையிலும் மூச்சு விட்டேனா, ஜம்ப் மேல இருக்கும்போதே கண் அடுத்த ஜம்ப்புக்குப் போச்சா, இறங்கின முதல் ஸ்ட்ரைடுலயே கால் வேலை செஞ்சுதா. வேலிக்கு வெளியே நிற்கிற ஒருத்தர் இதை மட்டும் கவனிச்சு டிக் அடிக்கட்டும். கோச் அடிக்கலாம், வீடியோ பார்த்தும் அடிக்கலாம். அட்டையை நிரப்பின பிறகுதான் ஸ்கோர் போர்டு பக்கம் போகணும். மூணும் டிக் ஆகி, ஒரு போல் விழுந்து 4 ஃபால்ட் (தப்புப் புள்ளி) வந்தா, அந்த ரவுண்டுல திருத்த வேண்டியது கொஞ்சம்தான். ஒரு டிக்கும் இல்லாம கிளியர் ரவுண்டு (ஃபால்ட்டே இல்லாத சுற்று) வந்தா குதிரை உங்களைக் காப்பாத்தியிருக்கு.

பெங்களூரில் 80-க்கு மட்டும் பேர் கொடுத்திருந்தா, மாத்த முடிஞ்சா முதல் நாள் 70-லயும் ஒரு ரவுண்டு போங்க. பயிற்சி உயரத்துக்கும் போட்டி உயரத்துக்கும் 10 முதல் 20 செ.மீ. இடைவெளி வச்சுக்கிறது கேவலம் இல்லை. பதற்றத்துக்காக ஒதுக்குற இடம் அது.

இங்கேயே மாதிரிப் போட்டியும் வைக்கணும். ஜாக்கெட், பெல், பார்க்க நாலு பேர், இதுவரை தாண்டாத கோர்ஸ், ஒரே ஒரு ரவுண்டு. "இன்னொரு தடவை" கிடையாது. பயிற்சியில் தப்பின ஜம்ப்பை உடனே திரும்பத் தாண்டிச் சரி பண்ணிடறோம், போட்டியில் அந்த வசதி இல்லாததுதான் பலரையும் உலுக்குது.

எண்ணைப் பார்த்துப் பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய ரைடர் ஃபவாத் மிர்சா ஈவென்டிங்கில் (டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூணும் சேர்ந்த போட்டி, பெனால்டி குறைஞ்சா நல்லது) டிரெஸ்ஸாஜில் 28.00 பெனால்டியோடு 9-ஆம் இடத்தில் இருந்தார். கிராஸ் கன்ட்ரியில் நேரத்துக்காக 11.20 சேர்ந்தது. ஜம்பிங் முதல் ரவுண்டில் 8, இறுதி ரவுண்டில் 12.40. மொத்தம் 59.60, 23-ஆம் இடம். முதல் ரவுண்டில் அந்த 8 பெனால்டி வாங்கினவர்தான் இறுதிச் சுற்றிலும் இறங்கினார். இத்தனைக்கும் 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கின ரைடர். போல் விழுறது இந்த விளையாட்டோட அன்றாடக் கணக்கு.

---

கிண்டி_ஸ்டேபிள்:

கோர்ஸ் மறக்கிறதுக்கும் நாள் அட்டவணைக்கும் சில விஷயம்.

கோர்ஸ் வாக் மூணு சுத்து நடங்க. முதல் சுத்துல வரிசை மட்டும். சிவப்புக் கொடி வலது, வெள்ளை இடது. ரெண்டாவதுல உங்க காலடி எண்ணுங்க: 90 செ.மீ. நீளத்துக்கு ஒரு காலடி, நாலு காலடி ஒரு ஸ்ட்ரைடு, இறங்க ரெண்டு, எழும்ப ரெண்டு. இந்த 90 செ.மீ. காலடியை வீட்டு வராண்டாவுல டேப் வச்சுப் பழகிக்குங்க, பதற்றத்துல காலடியும் சின்னதாயிடும். மூணாவது சுத்துல திருப்பம் எங்கே ஆரம்பிக்கணும், கண் எந்த மரத்தை, எந்த கம்பத்தைப் பார்க்கணும்னு குறிச்சுக்குங்க. அப்புறம் ஓரமா நின்னு கண்ணை மூடி முழு ரவுண்டையும் நிஜ வேகத்தில் ஓட்டிப் பாருங்க. 400 மீட்டர் கோர்ஸ், நிமிஷத்துக்கு 350 மீட்டர் வேகம்னா கிட்டத்தட்ட 69 செகண்ட். உங்க கற்பனை 30 செகண்டுல முடிஞ்சா, அதுல அவசரம் இருக்கு.

வார்ம்-அப்பில் மொத்தம் எட்டுப் பத்து ஜம்ப் போதும். கிராஸ் போல் (குறுக்கே X மாதிரி வச்சது) ரெண்டு, வெர்டிகல் (நேர் உயர ஜம்ப்) மூணு, ஆக்ஸர் (அகலமும் உள்ள ஜம்ப்) ரெண்டு, கடைசியா போட்டி உயரத்தில் ஒரு வெர்டிகல். நல்லா வந்ததும் நிறுத்துங்க. தைரியம் வரட்டும்னு கடைசியா 100 போட்டுப் பார்க்கிறவங்க அங்கேயே குதிரையோட நம்பிக்கையைக் காலி பண்றாங்க. எதிரே வர்றவரை இடது கைக்கு இடது கையா கடக்கணும், ஜம்ப் பேரைச் சத்தமா சொல்லிட்டுத் தாண்டணும். இந்த ஒழுங்கு தெரிஞ்சிருந்தாலே பாதி பதற்றம் குறையும்.

நம்ம ஊர் புழுக்கத்துல மந்தமா இருக்கிற குதிரை பெங்களூர் குளுமையில் துள்ளும். அதை உங்க பயத்துக்கு அடையாளமா எடுத்துக்காதீங்க. குறைஞ்சது ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேருங்க. மாலையில் லீட் ரோப் போட்டு அரேனாவைச் சுத்தி நடத்திக் காட்டுங்க, கொடி, பூந்தொட்டி, ஸ்பீக்கர் எல்லாம் பார்க்கட்டும். இங்கே மாதிரிப் போட்டி வைக்கும்போது வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலை ஏழு மணிக்குள்ள முடிச்சிடுங்க.

சாப்பாடு: ரவுண்டுக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் முன்னாடி இட்லி மாதிரி லேசா. ஃபில்டர் காபி வழக்கமா ஒண்ணுன்னா ஒண்ணோட நிறுத்துங்க. நடுங்குற கைக்கு ரெண்டாவது டம்ளர் உதவாது.

---

சைஸ்_மகன்:

எல்லாரும் ரைடரையே பார்க்கிறீங்க. "பயம்"னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி குதிரையைப் பாருங்க. போட்டிக்கு மட்டும் வேற சேடில், வேற பிட் (வாயில் மாட்டுற கடிவாளத் துண்டு) மாட்டுறீங்களா? லாடம் அடிச்சு எத்தனை வாரம் ஆச்சு? முதுகில் விரல் வச்சு அழுத்தினா நெளியுதா? லாரியில் இருந்து இறங்கின பிறகு தண்ணி குடிச்சுதா? வலியில் நிற்கிற குதிரை மேல் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி பண்ணிப் பயன் இல்லை.

இன்னொண்ணு. குதிரை அமைதியா இருக்கட்டும்னு ஏசிபி (அசிப்ரோமசின்ங்கிற மந்தப்படுத்துற மருந்து) ஊசி போடச் சொல்ற ஆளுங்க இருக்காங்க. அது போட்டிக் குதிரை உடம்பில் இருக்கவே கூடாத மருந்து. மாட்டினா தகுதி நீக்கம், மாட்டலைன்னாலும் மந்தமான குதிரை கால் தூக்காது.

---

வேளச்சேரி_கேன்டர்:

ரொம்ப நன்றிங்க. பழைய பிளான் எடுத்துப் பார்த்தேன், மூணாவது ஜம்ப் ரெண்டு தடவையும் லைனோட ரெண்டாவது பாதிதான்! ரெண்டு சந்தேகம். பெல் அடிச்ச பிறகு என்ன செய்யணும், குதிரை நின்னுட்டா என்ன செய்யணும்? அப்புறம் டிரெஸ்ஸாஜில் ஒரு இடத்துல சொதப்பினா மொத்த டெஸ்ட்டும் போன மாதிரி ஆயிடுது.

---

குளம்படி:

டிரெஸ்ஸாஜ் கணக்கு சுலபம். ஒவ்வொரு மூவ்மென்ட்டுக்கும் 0 முதல் 10. மொத்தம் 200 மார்க் டெஸ்ட்ல ஒரு இடத்துல 6-க்குப் பதிலா 3 வந்தா போனது 3 மார்க், அதாவது 1.5 சதவீதம். இரட்டை மதிப்புள்ள மூவ்மென்ட்னா 3 சதவீதம். அதையே நினைச்சு அடுத்த நாலு மூவ்மென்ட்டிலும் ஒவ்வொரு மார்க் விடறதுதான் பெரிய நஷ்டம். சொதப்பின உடனே அரேனா ஓரத்துல வச்ச அடுத்த எழுத்தைப் பாருங்க, வேற வேலை இல்லை. டெஸ்ட்டை வெளியிலிருந்து ஒருத்தர் வாசிச்சுச் சொல்ல அனுமதி உண்டான்னு போட்டி அறிவிப்பில் பாருங்க. இருந்தா கூச்சப்படாம வச்சுக்குங்க.

ஜம்பிங் பெல் அடிச்சதும் 45 செகண்ட் உங்களுடையது. பெல்லுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி முதல் ஜம்ப்பைத் தாண்டினா எலிமினேஷன் (போட்டியிலிருந்து வெளியேற்றம்), அடிச்சதும் பாயணும்னும் அவசியம் இல்லை. ஒரு பெரிய வட்டம் கேன்டர், ரெண்டு நீளமான வெளிமூச்சு, முதல் ஜம்ப்பைப் பார்த்து, லைனுக்குப் போங்க. 45 தாண்டினா கடிகாரம் தானா ஓட ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

குதிரை நின்னா 4 ஃபால்ட். சர்வதேச விதியில் ரெண்டாவது தடவை எலிமினேஷன். தொடக்க வகுப்புகளுக்கு அறிவிப்பில் என்ன போட்டிருக்குன்னு படிச்சு வச்சுக்குங்க. நின்ன இடத்துல அடிக்கக் கூடாது, வெடுக்குன்னு திருப்பவும் கூடாது. கேன்டரைச் சரி பண்ற அளவுக்கு, நாலஞ்சு ஸ்ட்ரைடு நேராக் கிடைக்கிற மாதிரி பெரிய வட்டம் போட்டு வாங்க. பதற்றத்துல ரெண்டு ஸ்ட்ரைடுல திருப்பிக் கொண்டுவர்றதுதான் ரெண்டாவது ரெஃப்யூசலை (குதிரை நிற்கிறதை) வரவழைக்குது.

நிற்கும்போது குதிரை போலைத் தள்ளிட்டா ஜட்ஜ் பெல் அடிச்சு கடிகாரத்தை நிறுத்துவார், உங்க நேரத்தோட 6 செகண்ட் சேர்ப்பாங்க. ஜம்ப்பைத் திரும்பக் கட்டி மறுபடி பெல் அடிக்கிற வரைக்கும் நடையிலேயே இருங்க. அதுக்குள்ள தாண்டினா எலிமினேஷன்.