செல்வியின் கருப்பட்டிக் கடன்

வாட்ஸ்அப் குழு: மூக்கையூர் ரோட்டுத் தெரு

செல்வி: மாவட்டத் தொழில் மையம் போய் வந்தேன். கருப்பட்டி பேக்கிங் யூனிட்டுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடனுக்கு எழுதிப் போடலாமாம். கிராமத்தில் பெண்கள் தொடங்கினால் 35 சதவீதம் மானியம். 10 லட்சத்துக்கு எழுதுகிறேன்.

அந்தோணி அண்ணாச்சி: மூன்றரை லட்சம் சும்மாவா! முதலில் ஒரு லோடு ஆட்டோ வாங்கு தாயி.

சேகர்: பொறுங்க அண்ணாச்சி, அது கைக்கு வராது. அக்கா போடுவது 50 ஆயிரம், மீதி ஒன்பதரையும் கடன். மானியம் 3 வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி தர மாட்டார்கள், கடனில் அந்த அளவுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். யூனிட் ஓடினால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள்.

அந்தோணி அண்ணாச்சி: அதானே பார்த்தேன். 2017 ஆழ்கடல் படகுத் திட்டமும் இப்படித்தான். 80 லட்சம் படகுக்கு மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20 என்றதும் துள்ளினேன். அப்புறம் பார்த்தால் கைக்காசு 8 லட்சம், கடன் 16. பெரிய கும்பிடு போட்டுவிட்டேன். என்னைக் கேட்டால் மூக்கையூரில் துறைமுகம் கட்டியதுதான் உருப்படியான செலவு. எவன் படகையும் அங்கே கட்டிப் போடலாம், எனக்குக் கடனும் இல்லை.

செல்வி: வங்கியில் நிலப் பத்திரம் கேட்கிறார்கள் தம்பி.

சேகர்: ஒன்பதரை லட்சம் சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, ரிசர்வ் வங்கி விதி. எழுதித் தரச் சொல்லுங்க.

காளியம்மாள் பெரியம்மா: பேக்கிங் எதுக்குடி? ஓலைக் கொட்டானில் போட்டு விற்றால் ஆகாதா?

சேகர்: பெரியம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கு. சில்லறையாக நிறுத்து விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் 5 சதவீதம்.

செல்வி: இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் பிடுங்குகிறார்களா?

சேகர்: தமிழ்நாட்டுக்குள் வருடம் 40 லட்சம் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். கேரளாவுக்கு அனுப்பினால் வேண்டும். அதை விடுங்க, 10 லட்சத்தில் மெஷினுக்கு எவ்வளவு?

செல்வி: 8.

அந்தோணி அண்ணாச்சி: கெட்டது போ. பதநீர் சில மாதம்தான், தவணை வருடம் முழுக்க. சீசனில் பனையேறிக்கு முன்பணம் கொடுத்துச் சரக்குப் பிடிக்காவிட்டால், ஐப்பசியில் மெஷினுக்கு மாலை போட்டுக் கும்பிடுவாயா?

சேகர்: சரக்குப் பிடிக்கும் பணத்தையும் திட்டத்தில் சேர்க்கலாம் அக்கா.

செல்வி: சரி, மெஷினுக்கு 6, சரக்குக்கு 4 என்று மாற்றுகிறேன். பெரியம்மா, கொட்டான் என்ன விலைக்கு முடைந்து தருவீர்கள்?

காளியம்மாள் பெரியம்மா: வீட்டுக்கு வா, சொல்றேன். இதில் சொன்னால் எல்லாரும் அதே விலைக்குக் கேட்பாங்க.