கடைசிப் பெட்டியில் கேட்கும் 'டிங் டிங்': வாக்கி டாக்கியில் என்னதான் பேசுகிறார்கள்?

பல்லாவரம்_பயணி:

தினமும் சென்னை மின்சார ரயிலில் பல்லாவரத்தில் ஏறி பார்க் ஸ்டேஷன் வரை போகிறேன். கூட்டத்துக்குப் பயந்து கடைசிப் பெட்டியில், கார்டு கேபினை ஒட்டி நிற்பேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு தடவை மணி அடிக்கிறது, உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு, அப்புறம் வண்டி நகர்கிறது. கார்டு கையில் வாக்கி டாக்கி இருக்கிறது, ஆனால் அதில் அவர் பேசி நான் பார்த்தது இந்த ஒரு வருடத்தில் நாலைந்து முறைதான், மற்ற நேரமெல்லாம் அது சும்மா கரகரவென்று கத்திக்கொண்டிருக்கும். கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஏன் இன்னும் மணி அடிக்கிறார்கள்? அதில் பேசுவதை எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகி ரேடியோ கேட்கும் சின்னக் கருவி) வாங்கிக் கேட்கலாமா? இன்னொன்று, என் தம்பி ரயில்வே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

பச்சைக்கொடி:

தம்பி, நான் புறநகர் மின்சார வண்டிகளில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். (2022 ஜனவரியிலிருந்து எங்கள் பதவிக்குப் பெயர் டிரெயின் மேனேஜர். பெயர் மாறியது, உட்காரும் இடம் அதேதான்.)

மணியைக் கிண்டலாக நினைக்காதீர்கள். இரண்டு என்றால் கிளம்பு, ஒன்று என்றால் நிறுத்து. நான் இரண்டு கொடுத்தால் மோட்டார்மேன், அதாவது முன்னால் வண்டி ஓட்டுபவர், அதையே திருப்பி அடிப்பார், அதாவது கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். பீச்சிலிருந்து தாம்பரம் வரை 18 ஸ்டேஷன், அப்படியானால் ஒரு நடைக்கு 17 தடவை கிளம்ப வேண்டும். நாலு நடை போனால் 68. வீட்டில் காலிங் பெல் இரண்டு தடவை அடித்தால் என் கை தானாகத் திருப்பி அடிக்கப் போகும், மனைவி சிரிப்பாள்.

இதை ரேடியோவில் ஏன் சொல்லக் கூடாது? மாம்பலத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். எதிரெதிரே இரண்டு வண்டி நிற்கும், கோடம்பாக்கத்தில் ஒன்று, சைதாப்பேட்டையில் ஒன்று. எல்லோரும் ஒரே அலைவரிசையில். நான் "கிளம்பலாம்" என்று சொன்னால் எந்த வண்டிக்காரர் காதில் அது விழும்? இன்னொருவர் பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினால், அங்கே படியில் ஒரு கால், பிளாட்பாரத்தில் ஒரு கால் என்று யாராவது தொங்கிக்கொண்டிருப்பார். மணி அப்படி இல்லை. அது அந்த வண்டிக்குள் போகும் கம்பியில் ஓடுகிறது, இந்த முனையில் நான், அந்த முனையில் அவர், நடுவில் வேறு யாரும் வர முடியாது. 12 பெட்டி வண்டி கால் கிலோமீட்டர் நீளம். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது, அந்த மணிதான் எங்கள் பேச்சு.

ரேடியோ எதற்கு என்றால், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால். யாரோ சங்கிலியை இழுத்துவிட்டார்கள், எருமை தடத்தில் நிற்கிறது, தானாக மாறும் ஆட்டோமேட்டிக் சிக்னல் சிவப்பிலேயே இருக்கிறது. அந்தக் கடைசி விஷயத்துக்குக் கணக்கு உண்டு: பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, அப்புறம் ஊர்ந்து போக வேண்டும். பயணிகள் "என்னய்யா தூங்குறானா" என்று கத்துவார்கள், நாங்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் சேர்ந்த காலத்தில் இந்தத் தடம் மீட்டர் கேஜ், அதாவது குறுகிய பாதை (2004-இல் தான் கடைசி மீட்டர் கேஜ் மின் வண்டி நின்றது), கையில் வாக்கி டாக்கி எல்லாம் கிடையாது. நடுவில் நின்றுவிட்டால் போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தடத்தோரம் சாக்கெட் இருக்கிற கம்பம் வரை ஜல்லியில் நடந்து, செருகி, கண்ட்ரோலிடம் (கட்டுப்பாட்டு அறை) பேச வேண்டும். மழையில் அந்த நடையை நடந்தவனுக்குத்தான் ஐந்து வாட் ரேடியோவின் அருமை தெரியும்.

சிக்னல்_டெலிகாம்:

கார்டு சார் சொன்னதோடு கொஞ்சம். கையில் வைத்திருப்பது 5 வாட் வி.எச்.எஃப். செட், ஸ்டேஷன் மாஸ்டர் (எஸ்.எம்.) மேசையில் இருப்பது 25 வாட். அதனால் எஸ்.எம். பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது, இப்படி ஒரு ஒருதலைக் காதல் அடிக்கடி நடக்கும். ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போது இன்னொருவரும் அழுத்தினால் இரண்டும் கெட்டது. அதற்குத்தான் முதலில் யார், எந்த வண்டி என்று சொல்லி, பிறகு விஷயத்தைச் சொல்லி, எதிராளி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு. பாதிப் புகார் பேட்டரியால் வருவது. எங்களிடம் "செட் வேலை செய்யலை" என்று வருபவற்றில் பலவற்றை சார்ஜரில் வைத்தே சரிசெய்திருக்கிறேன்.

முக்கியமான அனுமதிகள் வாய்ப்பேச்சோடு முடிவதில்லை. எஸ்.எம்.மும் கேட் கீப்பரும் பேசினால் கூடவே பிரைவேட் நம்பர் (அவரவரிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண்) கொடுப்பார்கள், இரண்டு பக்கமும் பதிவேட்டில் எழுதுவார்கள். "சரி சரி" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த எண்ணை அந்த ஆள்தான் சொல்ல முடியும்.

மொழி விவகாரம் நினைவிருக்கிறதா? 2019 மே மாதம் மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் ஒரே தடத்தில் இரண்டு பயணிகள் வண்டி எதிரெதிரே வந்த சம்பவம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் பேசிக்கொண்டது சரியாகப் புரியவில்லை என்பது அப்போது பெரிய பேச்சு. அடுத்த மாதமே, கண்ட்ரோலும் ஸ்டேஷன் மாஸ்டரும் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் பேச வேண்டும் என்று தெற்கு ரயில்வே சுற்றறிக்கை விட்டது, தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால் எந்த மொழி என்பதைவிட, திருப்பிச் சொன்னாரா இல்லையா என்பதுதான் உயிரைக் காப்பாற்றும்.

டாங்கிள் விஷயத்தில் கவனம். அனுமதி இல்லாமல் ஒட்டுக்கேட்பது இங்கே சட்டச் சிக்கல். ரேடியோவில் ஆசை இருந்தால் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ உரிமம்) பரீட்சை எழுதுங்கள், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உங்களுக்கே தருகிறார்கள்.

மோட்டார்மேன்_மகள்:

வேலை எப்படி என்று கேட்டீர்களே, அதை நான் சொல்கிறேன். அப்பா மோட்டார்மேன். எக்ஸ்பிரஸ் வண்டியில் ஓட்டுநரோடு ஓர் உதவி ஓட்டுநர் இருப்பார், மின்சார வண்டியில் முன்னால் தனி ஆள். கைப்பிடியை அழுத்தியபடியே இருக்க வேண்டும், விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும். கேபினில் கழிவறை கிடையாது. அதனால் டூட்டி நாளில் அப்பா தண்ணீர் குடிப்பதே குறைவு, சிறுநீரகக் கல் வந்தது தனிக்கதை.

முதல் வண்டி என்றால் இரண்டு மணிக்கு அலாரம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பகலில் அவர் தூங்குவார், டிவி சத்தம் கூடாது, மிக்ஸி கூடாது, அம்மா சட்னியை அம்மியில் அரைப்பாள். தீபாவளி, பொங்கல் எல்லாம் லிங்கை (டூட்டி அட்டவணை) பார்த்துதான் எங்கள் வீட்டில் வரும். டூட்டிக்கு சைன் ஆன் செய்யும்போது, குடிக்கவில்லை என்று கருவியில் ஊதிக்காட்ட வேண்டும் என்பதால் இருமல் மருந்துக்குக்கூடப் பயப்படுவார்.

தண்டவாளத்தைக் கடப்பவர்கள் பற்றி ஒன்று. ஒரு நாள் அப்பா வந்து, சாப்பிடாமல், குளித்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அம்மாவிடம் சொன்னார்: ஹாரன் அடித்தேன், அந்தப் பையன் காதில் ஹெட்போன். ரேடியோவில் ஸ்டேஷனுக்குச் சொல்லும்போது தன் குரல் தனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்ததாம். வண்டி நம்பர், கிலோமீட்டர், நேரம், எல்லாம் வரிசை தப்பாமல் சொன்னாராம். அன்றைக்கு மீதி நடையையும் அவரே ஓட்டினார். உங்கள் தம்பி வரட்டும், நல்ல வேலைதான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

சிகாகோ_சிவா:

இங்கே சிகாகோவின் புறநகர் ரயிலான மெட்ராவில் அலுவலகம் போகிறேன். இங்கே ரயில் ரேடியோவை ஸ்கேனரில் கேட்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு, 160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எல்லாம் திறந்தே கிடக்கிறது. தடத்தோரம் பதித்த கருவிகளே பேசும்: வண்டி கடந்ததும் ஒரு இயந்திரக் குரல், குறை ஏதும் இல்லை, சக்கர அச்சு இத்தனை என்று சொல்லும். முதல் தடவை கேட்டபோது பேய் என்று நினைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் கிளம்ப இரண்டு ஒலிதான். பழைய அமெரிக்க விதிப்புத்தகத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டு என்றால் கிளம்பு, ஓடும் வண்டிக்கு அதே இரண்டு என்றால் உடனே நிறுத்து! ஒரு தடவை அடித்தால் நிறுத்து என்ற நம் ஊர் முறை எவ்வளவோ தேவலை. வேலை இங்கேயும் லேசு இல்லை, காலை நெரிசலில் ஓட்டி, மதியம் எங்காவது ஓய்ந்து, மாலை நெரிசலில் மறுபடி. 2008-இல் கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் ஓட்டுநர் போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே சிவப்பைத் தாண்டி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ரேடியோ வழியாக வண்டியைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டைச் சட்டமாக்கினார்கள், முழுதாக வந்து சேர 2020 முடிந்துவிட்டது.

பல்லாவரம்_பயணி:

எல்லோருக்கும் நன்றி, தம்பிக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். கார்டு சார், ஒரு சந்தேகம். நேற்று கிண்டியில் கார்டு இரண்டு அடித்தார், பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தார், மறுபடி இரண்டு அடித்தார், மறுபடியும் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ரேடியோவை எடுக்கவே இல்லை, சும்மா நின்றார். ஏன்?

பச்சைக்கொடி:

முன்னால் சிக்னல் விழுந்திருக்காது தம்பி. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து வளைவில் அது சில சமயம் தெரியாது, அவருக்குத் தெரியும். மஞ்சளோ பச்சையோ விழுந்த பிறகுதான் அவர் திருப்பி அடிப்பார். நீங்கள் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அவரும் சும்மா இல்லை, சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.